வீட்டோடு ஒரு யாத்திரை

முதுமையும் பயணமும் நம்மவர் வாழ்வில் ஒன்றோடொன்று பிணைந்தே வந்திருக்கின்றன. மகளைக் கட்டிக் கொடுத்து, மகனுக்கு ஒரு வழி காட்டி, பேரப்பிள்ளையின் முகமும் கண்ட பின்னரே நம் முன்னோர் காசிக்கும் இராமேசுவரத்துக்கும் புறப்பட்டனர். காணி பூமியைப் பங்கிட்டு, மரணசாசனமும் எழுதி வைத்துவிட்டுப் போனோர் உண்டு. தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதியிலிருந்து கிழக்குக் கரையோரமாகக் கதிர்காமம் வரை வாரக்கணக்காய் நடக்கும் பாதயாத்திரையிலே நரைத்த தலைகளுக்கு இன்றும் குறைவில்லை. மோட்டார் வாகனம் பெருகாத காலத்தில் வல்லிபுரக் கோயிலுக்கோ சந்நிதிக்கோ குடும்பத்தோடு செல்வோர் கூடார வண்டியிலே அரிசி, பானை, விறகு, பாய் யாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய், மர நிழலில் மாடுகளை அவிழ்த்துக் கட்டி, அங்கேயே சமைத்து உண்டு உறங்கித் திரும்பினர். எண்ணிப் பார்த்தால் அந்தக் கூடார வண்டியும் ஒரு சிறு வீடுதான்.

அதே எண்ணம் வேறொரு நாட்டில், வேறொரு வடிவில், முதியோர் பலரின் கனவாய் விளங்குவதைச் சென்ற மார்கழி விடுமுறையில் நேரிற் கண்டோம். அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நகரில் வாழும் எம் பெரியதந்தையாரின் மகளையும் அவர் கணவரையும் பார்க்கச் சென்றிருந்தோம். அத்தான் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறச் சில மாதங்களே எஞ்சியிருந்தன. ஓய்வின் பின் மோட்டார் வீடு ஒன்றை வாங்கி, அக்காவையும் அழைத்துக்கொண்டு அக்கண்டத்தைச் சுற்றி வருவது அவருடைய பத்தாண்டுத் திட்டம். அக்காவோ இன்னும் ஒருப்படவில்லை. ஆகவே பத்து நாட்களுக்கு அத்தகைய வண்டியொன்றை வாடகைக்கு எடுத்து, கடலோரமாய் அடிலெய்ட் நகர்வரை ஒரு வெள்ளோட்டம் விடுவதென்றும், அதன் முடிவிலே அக்கா தம் தீர்ப்பைக் கூறுவதென்றும் ஏற்பாடாயிற்று. நாமும் எம் இல்லாளும் அவ்வழக்கின் சாட்சிகளாய் உடன் சென்றோம்.

வண்டிக்குள் ஒரு குடித்தனம்

மோட்டார் வீடு என்று நாம் இங்கே சொல்வது, சாரதியின் ஆசனத்துக்குப் பின்னே படுக்கை, அடுக்களை, குளியலறை யாவும் அமைந்த ஒரே வாகனத்தை. மோட்டார் வண்டிக்குப் பின்னால் கொழுவி இழுத்துச் செல்லப்படுவது கரவன் எனப்படும். இரண்டுக்கும் மூதாதை குதிரை வண்டியே. பிரித்தானியக் கடற்படையில் வைத்தியராய் இருந்து ஓய்வு பெற்ற வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர் 1885ஆம் ஆண்டில் தமக்கென ஒரு வீட்டு வண்டியைச் செய்வித்து, அதில் இரண்டு குதிரைகளைப் பூட்டி, இங்கிலாந்திலிருந்து ஸ்கொத்லாந்துவரை உலாச் சென்றார். அலைந்து திரிபவன் எனப் பொருள்படும் பெயரையே அதற்குச் சூட்டினார். பிழைப்புக்காக அன்றி இன்பத்துக்காகவே வீட்டு வண்டியில் வழிச்சென்றவருள் முதல்வர் என அவரைக் கூறுவர்.

நாம் சென்ற வண்டி ஏறத்தாழ 7 மீற்றர் நீளமும் 3 மீற்றருக்கு மேற்பட்ட உயரமும் உடையது. நகரை விட்டு வெளியேறுமுன் அத்தான் எமக்குச் சொன்ன முதற் பாடம் உயரத்தைப் பற்றியதே. மெல்பேர்னின் மொன்ரேகு வீதியில் 3 மீற்றர் இடைவெளி மட்டுமே உள்ள பாலமொன்று உண்டு; உயரத்தை மறந்து வந்த எத்தனையோ பார வாகனங்கள் அதிலே முட்டிக் கூரையிழந்து நின்றமையால் அது நாடறிந்த பாலமாயிற்று. மோட்டார் வீட்டை ஓட்டுபவர் தம் வண்டியின் உயரத்தைத் தம் வயதைப் போல நினைவில் வைத்திருத்தல் வேண்டும்.

சாரதியின் தலைக்கு மேலே ஒரு படுக்கை. உண்ணும் மேசையை மடித்து இறக்கினால் மற்றொரு படுக்கை. எரிவாயு அடுப்பு, பற்றரியில் இயங்கும் குளிர்சாதனப் பெட்டி, கூரையிலே சூரியத் தகடு, நல்ல நீருக்கு ஒரு தொட்டி, கழுவிய நீருக்கு ஒரு தொட்டி. மலகூடத்தின் கழிவு தனிப்பெட்டியொன்றில் சேரும். அதனைக் கண்ட இடத்திற் கொட்டுதல் குற்றம். அதற்கெனப் பட்டினந்தோறும் வகுக்கப்பட்ட இடங்களிலேயே அகற்ற வேண்டும். வண்டி ஓடும்போது ஒவ்வொருவரும் ஆசனத்தில் இடைப்பட்டியோடு அமர்ந்திருப்பது சட்டம். வழியிலே தேநீர் ஆற்றிப் பருகியபடி செல்லலாம் என எண்ணியிருந்த எம் இல்லாளுக்கு அது ஒரு சிறு ஏமாற்றமே.

ஆயினும் மாலையில் வண்டியை நிறுத்தி, சாய்வின்றி மட்டம் பார்த்து, பக்கத்துப் பந்தலை விரித்ததும் அது வீடாகிவிடும். அக்கா கையோடு கொண்டுவந்த நீத்துப்பெட்டியில் புட்டு அவிந்தது. சம்பலின் வாசனை அயல் வண்டிகளுக்கும் எட்டியது. அடுத்த வண்டியிலிருந்து ஒரு முதியவர் எட்டிப் பார்த்து, அது யாது எனக் கேட்டு, ஒரு தட்டுப் பெற்றுச் சென்றார். வேலியும் மதிலும் இல்லாத அயல் அது.

நரைத்த நாடோடிகள்

அவுஸ்திரேலியாவில் இவ்வாறு திரியும் முதியோரை நரைத்த நாடோடிகள் என்ற பொருள்பட அழைக்கின்றனர். 1997இல் வெளிவந்த ஒரு விவரணப் படம் அப்பெயரைப் பரப்பிற்று. அந்நாட்டின் அமைப்பும் காலநிலையும் இவ்வாழ்வுக்கு இசைந்தவை. 1955இல் முதலாம் இலக்க நெடுஞ்சாலை எனப் பெயரிட்டு இணைக்கப்பட்ட வீதிகள் கண்டத்தின் கரையை ஒட்டி ஏறத்தாழ 14,500 கிலோமீற்றர் சுற்றி வருகின்றன. பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனைவரை நம் இலங்கையின் முழு நீளத்தையும் முப்பது மடங்குக்கு மேலாக நீட்டினாற்றான் அத்தூரம் வரும்.

நம் நாட்டில் ஆடி மாதம் வெயிலென்றால் மெல்பேர்னில் அது நடுங்கும் குளிர். அந்நாட்களில் தென்திசை முதியோர் வடக்கு நோக்கிப் புறப்பட்டு, புறூம், டார்வின், கெயின்ஸ் முதலிய வெப்பமான பட்டினங்களை அடைகின்றனர். கார்த்திகை தொடக்கம் வடக்கிலே பெருமழையும் புயலும் மூளுமுன் தெற்கே மீள்கின்றனர். வலசை போகும் பறவைகளின் ஒழுங்கு இது. இவர்கள் வருகையால் உள்நாட்டுச் சிற்றூர்களின் கடைகளும் எரிபொருள் நிலையங்களும் உயிர் பெறுகின்றன. ஆதலால் சில ஊர்கள் தாமாகவே தங்குமிடமும் குடிநீரும் கழிவகற்றும் வசதியும் அமைத்து, மோட்டார் வீடுகளை வரவேற்கும் ஊர் என எல்லையிலே பலகை நாட்டியுள்ளன.

அத்தான் இவையெல்லாவற்றையும் மனப்பாடமாய் அறிந்தவர். அவருடைய அறைச் சுவரில் ஒரு பெரிய தேசப்படம் தொங்குகின்றது. டார்வினிலிருந்து நடுப் பாலைவனத்தை ஊடறுத்துத் தென்கரைக்கு வரும் ஸ்ருவேர்ட் நெடுஞ்சாலை சிவப்பு மையிலே. மரமற்ற நள்ளர்போர் சமவெளியைக் கடக்கும் எயர் நெடுஞ்சாலை நீல மையிலே. முன்னது ஏறத்தாழ 2,800 கிலோமீற்றர். முழுவதும் தார் இடப்பட்டது 1987இல். பின்னதற்குத் தார் இட்டு முடிந்தது 1976இல். அதிலே ஓரிடத்தில் 146.6 கிலோமீற்றருக்கு ஒரு வளைவேனும் இன்றி வீதி நேராய்க் கிடக்கின்றது. இவற்றைச் சொல்லும்போது அத்தானின் கண்களிலே ஒரு மாணாக்கனின் ஒளி வீசும்.

அக்காவின் மறுப்பு

அக்கா அத்தேசப்படத்தை ஏறிட்டும் பார்ப்பதில்லை. நீண்ட பயணத்துக்கு அஞ்சியோ, சிறிய அடுக்களையை வெறுத்தோ அவர் மறுக்கிறார் என முதலில் எண்ணினோம். புறப்பட்ட அன்று மாலை, பாத்திரங்களை அலுமாரியில் அடுக்கியவாறே அவர் எம்மிடம் கூறிய ஒரு வாக்கியம் காரணத்தை விளக்கிற்று.

"ஒருக்கா வீட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தது காணும், தம்பி."

1995ஆம் ஆண்டு ஐப்பசி 30ஆம் நாளை யாழ்ப்பாணத்தார் மறந்திருக்கமாட்டார். வலிகாமம் முழுவதும் ஓரிரவில் எழுந்து, மழையிலே, நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தது. உழவு இயந்திரம் உடையோர் அதிலே. இல்லாதோர் துவிச்சக்கர வண்டியிலே. எம் குடும்பத்துக்கு வாய்த்தது ஒரு துவிச்சக்கர வண்டி. அதன் பின்னிருக்கையில் பெரியம்மா. கைபிடியின் இருபுறமும் அரிசிப் பையும் உடுப்புப் பையும். நடுவே ஒரு தகரப் பெட்டியில் காணி உறுதிகளும் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களும் குலதெய்வப் படமும். அக்கா வண்டியைத் தள்ள, பதினாறு வயதினராய் இருந்த நாம் பின்னால் தாங்கி நடந்தோம். சில மைல் தூரத்தைக் கடக்க ஓர் இரவும் மறு பகலும் சென்றன. அன்று பூட்டிய வீட்டை அக்கா மீண்டும் கண்டபோது அதற்குக் கூரையில்லை.

அதன் பின் வவுனியா, கொழும்பு, கடைசியில் மெல்பேர்ன். மெல்பேர்னிலே கடனுக்கு வாங்கிய வீட்டின் இறுதித் தவணையைக் கட்டி முடித்த நாளில் அக்கா பால் காய்ச்சிப் படைத்தார். அசையாத வீடு ஒன்று அவர் வாழ்வில் அரும்பாடுபட்டு அடைந்த பேறு. சக்கரம் பூட்டிய வீடு அவருக்கு இன்பப் பொருளாய்த் தோன்றுவது எங்ஙனம்?

போர் மீண்டோர் அமைத்த வழி

மெல்பேர்னிலிருந்து தென்மேற்கே, டோர்க்கி என்னும் பட்டினத்தில் தொடங்கி 240 கிலோமீற்றருக்கு மேல் கடலை ஒட்டிச் செல்கின்றது கிரேட் ஓஷன் ரோட் எனும் பெருவழி. முதலாம் உலகப் போரிலிருந்து திரும்பிய போர் வீரருக்கு வேலை கொடுக்கவும், திரும்பாதோருக்கு நினைவுச் சின்னமாக்கவும் 1919இல் இவ்வழி தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 3,000 பேர் மண்வெட்டியும் பாரையும் கொண்டு மலைச்சரிவைக் குடைந்து, 1932இல் முடித்தனர். மேற்கு நோக்கிச் செல்வோருக்குக் கடல் இடப்பக்கமாய் வாகனத்தின் அருகிலேயே விளங்கும். வளைவுகள் மிகுதி. அத்தான் பின்னே வரிசை சேரும்போதெல்லாம் ஒதுங்கி, இளையோரை முன்செல்ல விட்டார். ஓய்வுக்காலப் பயணத்தின் முதல் இலக்கணம் அவசரமின்மை என்பதை அவர் கற்றுவிட்டார்.

பன்னிரு சீடர் எனப் பெயர் கொண்ட சுண்ணக்கல் தூண்கள் கடலுள் நிற்பதைக் கண்டோம். பெயரளவிற்றான் பன்னிரண்டு. 2005ஆம் ஆண்டு அவற்றுள் ஒன்று கண்முன்னே இடிந்து விழுந்தது. சற்று அப்பால், பாலம்போல் இரண்டு வளைவுகளோடு நின்ற பாறையின் ஒரு வளைவு 1990இல் வீழ, அதன் மேல் நின்ற இருவரை உலங்கு வானூர்தி கொண்டு மீட்டனர். நிலையானது எனக் கல்லையும் நம்ப இயலாத கரை அது.

போட் கம்பெல் என்னும் சிற்றூரில் தங்கிய இரவில், எமக்கு அயலாய் நின்ற சிறிய வண்டியில் தனியே ஒரு மூதாட்டி இருந்தார். எழுபத்திரண்டு வயது. குளிர்காலத்தை வடக்கிலே கழித்துவிட்டு வந்திருந்தார். அவருடைய கணவரும் அடுக்களைச் சுவரிலே தேசப்படம் ஒட்டி, ஒன்பது ஆண்டுகள் கோடு வரைந்தாராம். பத்தாம் ஆண்டில், வண்டிக்கு முன்பணம் கட்டிய பின், அவர் இறந்தார். பெரிய வாகனத்தையே தொட்டறியாத இப்பெண்மணி தமது அறுபத்தாறாம் வயதில் அதனை ஓட்டப் பழகினார். கணவர் வரைந்த கோட்டின் வழியே தாம் செல்வதாகவும், பாலைவனம் தமக்குப் பிடிக்காமையால் அப்பகுதியை மட்டும் அழித்துவிட்டுக் கடற்கரையை வரைந்துகொண்டதாகவும் நகைத்தபடி கூறினார். மறுநாட் காலையில், அந்நீண்ட வண்டியை ஒரே தடவையில் பின்னெடுத்துத் திருப்பி, கையசைத்துச் சென்றார். அக்கா நெடுநேரம் அவ்வழியையே பார்த்து நின்றார்.

றோப் கரையில்

எல்லை கடந்து தென் அவுஸ்திரேலியாவுக்குள் புகுந்தோம். கடிகாரத்தை அரை மணி பின்வைக்க வேண்டும். பழ ஈக்களைத் தடுக்கும் பொருட்டு வேற்று மாநிலப் பழங்களைக் கொண்டு செல்லுதல் அங்கே தடை. ஆகையால் அக்கா வாங்கி வைத்த மாம்பழங்களை எல்லைக்கு இப்பால் மர நிழலில் அமர்ந்து உண்டு தீர்த்தோம். மவுண்ட் கம்பியர் பட்டினத்தில் எரிமலை வாயிலே நிறைந்து நிற்கும் ஏரி, குளிர்காலத்தில் சாம்பல் நிறமாகவும் வெயிற்காலத்தில் கண்ணைப் பறிக்கும் நீலமாகவும் இருப்பது. நாம் கண்டது நீலத்தை. அப்பட்டினத்துக்குக் குடிநீர் அதுவே.

அதற்கு அப்பால் றோப் என்னும் சிறு துறைமுகம். 1855இல் விக்டோரியா அரசாங்கம் தங்கம் தேடி வரும் சீனர்மீது தலைக்குப் பத்துப் பவுண் வரி விதித்தது. அவ்வரியைச் செலுத்த இயலாதோர், எல்லைக்கு வெளியேயுள்ள இந்த றோப் கரையில் இறங்கி, அங்கிருந்து நூற்றுக்கணக்கான மைல் தூரம் நடந்தே தங்கவயல்களை அடைந்தனர். 1857 முதற் சில ஆண்டுகளில் இவ்வாறு இறங்கியோர் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டவர். தோளிலே காவுதடி, அதன் இரு முனையிலும் கூடைகள், கூடைகளுக்குள் அவர்களுடைய வீடு. கரையிலே அவர்களுக்கு ஒரு நினைவுக்கல் உண்டு.

அதன் அருகே நின்று அக்கா அமைதியாய்க் கடலைப் பார்த்தார். நாவற்குழிப் பாலம் அவர் நினைவிலே எழுந்ததை நாம் அறிந்தோம். அத்தான் ஒன்றும் பேசவில்லை. திட்டத்தைப் பற்றி அன்று முழுவதும் ஒரு சொல்லும் எடுக்கவில்லை. அவ்வமைதியே, பத்தாண்டு வாதத்திலும் பார்க்க வலிமை மிக்கதாயிற்று என்பது எம் துணிபு.

மறுநாள் கூரொங் எனும் நீண்ட களப்பின் கரையில் தங்கினோம். நூறு கிலோமீற்றருக்கு மேல் நீண்டு, மணற்குன்றுகளால் கடலினின்று பிரிக்கப்பட்ட அந்த நீர்ப்பரப்பிலே கூழைக்கடாக்கள் மிதந்தன. தொண்டைமானாற்று உப்பு நீரேரியின் காற்றே அங்கும் வீசியது. மாலையில் அக்கா சாரதியின் ஆசனத்தில் ஏறி அமர்ந்தார்; ஆளில்லாத மண்வழியிலே வண்டியை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தார். இறங்கி வந்து தம் தீர்ப்பைக் கூறினார்.

"அண்டைக்கு எங்களைப் போகச் சொன்னவை. இது நாங்களாகப் போறது. திரும்பி வரலாமெண்டால் நான் வாறன்."

அதனினும் தெளிவாய் அவ்வேறுபாட்டை உரைத்தல் எமக்கு இயலாது. நம் தலைமுறைக்கு வழி என்பது பெரும்பாலும் பிறர் துரத்திய வழியாகவோ, வயிறு துரத்திய வழியாகவோ இருந்துவிட்டது. பூட்டிய வீட்டின் திறப்பைக் கையிலே வைத்துக்கொண்டு, திரும்பி வரும் நாளையும் குறித்துக்கொண்டு புறப்படுவதே பயணம். மற்றதற்குப் பெயர் வேறு.

ஐந்து நிபந்தனைகள்

அக்காவின் சம்மதம் நிபந்தனையோடு கூடியது. அடிலெய்ட் சேருமுன் அத்தான் அவற்றைத் தம் குறிப்புப் புத்தகத்தில் வரிசையாய் எழுதினார். முதுமைக்குத் திட்டமிடுவோர் யாவர்க்கும் அவை பயன்படும் எனக் கருதி ஈண்டுத் தருகின்றோம்.

முதலாவது, மெல்பேர்ன் வீட்டை விற்பதில்லை. புதிய மோட்டார் வீட்டின் விலை ஒரு இலட்சம் டொலரை எளிதிலே தாண்டும். வீட்டை விற்று வண்டி வாங்குவோர் அங்கே பலருளர். ஆனால் வண்டி ஓட்ட இயலாத நாள் ஒன்று வரும். அன்று இறங்க ஒரு வாசற்படி வேண்டும். ஆதலால், பழைய வண்டியொன்றைத் தேடுவது. செலவை ஓய்வுகாலச் சேமிப்புக்குள் அடக்குவது. 1992 தொடக்கம் அந்நாட்டில் வேலைகொள்வோர் ஒவ்வொரு தொழிலாளிக்கும் அச்சேமிப்பைக் கட்டாயமாய் இடவேண்டுமென்பது சட்டம். அரச முதியோர் உதவிப்பணம் பெறும் வயதோ 2023 முதல் 67 ஆகிவிட்டது. நாம் சென்ற வண்டி நூறு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 13 லீற்றர் டீசல் குடித்தது. அக்கணக்கின்படி கண்டத்தை ஒருமுறை சுற்ற 1,900 லீற்றர் வரை வேண்டும். வீதியின் நீளத்தை முன்கூட்டி அறிந்தவன் பணப்பையின் நீளத்தையும் அறிதல் வேண்டுமன்றோ?

இரண்டாவது, இருவரும் ஓட்டப் பழகுவது. 4.5 தொன்னுக்கு மேற்படாத வண்டியாயின் சாதாரண மோட்டார்ச் சாரதி அனுமதிப்பத்திரமே அங்கே போதும். நள்ளர்போர் வெளியிலே ஒருவர் நோயுற்றால் மற்றவர் வண்டியை அடுத்த நிலையத்துக்குக் கொண்டு செல்லக்கூடியவராய் இருத்தல் வேண்டும். கணவன் ஓட்ட மனைவி சமைப்பது என்ற பங்கீட்டையும் அக்கா மாற்றிவிட்டார். இவர் ஓட்டும் நாளில் அவர் சமைப்பது. ஓய்வு என்பது ஆடவர்க்கு மட்டும் உரியதன்று என்பதே அதன் கருத்து.

மூன்றாவது, உடல்நலம். அத்தானுக்கு நீரிழிவு உண்டு; இன்சுலினைக் குளிரிலே பேண வேண்டும். ஆகவே குளிர்சாதனப் பெட்டியும் பற்றரியும் அவர்களுக்கு வசதிகள் அல்ல, மருந்து. 1928இல் ஜோன் ஃபிளின் என்னும் பாதிரியார் குயீன்ஸ்லாந்தின் குளோன்கரி என்னுமூரில் தொடக்கி வைத்த பறக்கும் மருத்துவர் சேவை பாலைவனத்தின் நடுவிலும் வந்திறங்கி நோயாளரைக் காக்கின்றது. ஆயினும் அதனை நம்பி அசட்டையாய் இருத்தல் தகாது. அந்திக்குப் பின்னும் விடியுமுன்னும் கங்காருக்கள் வீதியிலே பாயும். 53.5 மீற்றர்வரை நீண்ட தொடர் பார வண்டிகள் எதிரே வரும். எனவே மாலை நான்கு மணிக்கு மேல் வண்டி ஓடாது.

நான்காவது, ஆண்டிலே மூன்று மாதம் மட்டும். அக்கா பாடசாலை விடும் நேரத்தில் இரண்டு பேரப்பிள்ளைகளை அழைத்து வந்து, பெற்றோர் வேலை முடிந்து வரும்வரை சோறூட்டித் தமிழும் சொல்லிக் கொடுப்பவர். புலம்பெயர்ந்த நம் குடும்பங்கள் பலவற்றில் பாட்டிமாரே அச்சாணி. அச்சாணியைக் கழற்றி வேறு வண்டிக்குப் பூட்ட இயலாது. ஆகவே மகளுடன் கலந்து பேசி, குளிர்கால மாதங்களை ஒதுக்கி, பாடசாலை விடுமுறையில் பிள்ளைகளையும் வழியிலே ஏற்றிக்கொள்வது.

ஐந்தாவது, இப்போதே தொடங்குவது. சிட்னியைத் தலைநகராய்க் கொண்ட நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 75 வயதைக் கடந்த சாரதிகள் ஆண்டுதோறும் மருத்துவச் சான்று காட்ட வேண்டும். 85இல், நிபந்தனையற்ற அனுமதிப்பத்திரம் வேண்டுவோர் ஓட்டப் பரீட்சைக்கும் நிற்க வேண்டும். உழைப்பு முடிவதற்கும் உடல் தளர்வதற்கும் இடையிலே கிடைக்கும் ஆண்டுகள் பத்தோ பன்னிரண்டோதான். அவற்றுள்ளும் பழகுவதற்குச் சில போய்விடும். ஆதலால் ஓய்வு நாள் வரும்வரை காத்திராமல், வார இறுதியில் நூறு கிலோமீற்றர், விடுமுறையில் ஐந்நூறு எனப் பழகிவருவது.

நமக்கு எட்டும் வழி

இவ்வளவும் நமக்கு என்ன பயன் என வாசகர் வினவலாம். நம் நாட்டு வீதிகளுக்கு அவ்வண்டி வேண்டியதில்லை. காலையில் யாழ்ப்பாணத்திற் புறப்பட்டவர் இரவு கொழும்பிலே உறவினர் வீட்டுத் திண்ணையில் உறங்கலாம். கோயில் மடங்களும் நம்மிடம் உண்டு. ஆனால் பயணத்தைப் பிற்காலத்துக்கென ஒத்திவைக்கும் வழக்கமும் நம்மிடம் உண்டு. பிள்ளையின் பரீட்சை, மகளின் கலியாணம், வீட்டின் மேல்மாடி என ஒவ்வொன்றாய் முடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்கையில், ஆசை மட்டும் இளமையாய் இருக்க முழங்கால் முதுமையடைந்துவிடுகின்றது. காசிக்குச் சென்ற நம் முன்னோர் வாழ்நாள் முழுதும் நடந்து பழகிய கால்களோடு சென்றனர் என்பதை நாம் மறந்துவிடுகின்றோம்.

அத்தானும் அக்காவும் வருகிற குளிர்காலத்தில் மெல்பேர்னிலிருந்து டார்வின் வரை முதற் பயணம் செல்லவிருக்கின்றனர். மூன்று மாதம்; திரும்பும் நாள் நாட்காட்டியிலே குறிக்கப்பட்டுவிட்டது. நீத்துப்பெட்டியும் தகரப் பெட்டியிலிருந்த அதே குலதெய்வப் படமும் உடன் செல்கின்றன. வீட்டுத் திறப்பு ஒன்று மகளிடம். மற்றொன்று அக்காவின் கைப்பையில்.

எமக்கு ஓய்வூதிய வயது எட்ட இன்னும் பதின்மூன்று ஆண்டுகள் உள்ளன. அறுபது முடியட்டும், பின்னர் கதிர்காமத்துக்கு நடப்போம் என நாமும் எம் இல்லாளும் நெடுநாளாய்ப் பேசி வந்தோம். அடிலெய்டிலிருந்து திரும்பும் வழியிலேயே அப்பேச்சு மாறிவிட்டது. முழு வழியும் இப்போது இயலாது. பாடசாலை உண்டு, பிள்ளைகள் உண்டு. உகந்தையிலிருந்து கதிர்காமம் வரையுள்ள காட்டுவழி மட்டும் சில நாள் நடை. அதனை அடுத்த திருவிழாவிலேயே நடப்பதென முடிவு செய்து, மாலை வேளைகளில் இருவருமாய்க் கோயில் வீதியைச் சுற்றி நடந்து கால்களைப் பழக்கி வருகின்றோம்.